யாழ்ப்பாணத்துப் பேக்கரியும் போறணையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் பாண் வாங்குபவர்களும், பேக்கரி வேலை பழக விரும்பும் இளையவர்களும், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வரும்போது பழைய விறகுப் போறணையைத் தேடிப் போய்ப் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது. சொல்லப்படுவது பெரும்பாலும் வடபகுதிச் சிறு பேக்கரிகளைப் பற்றியது. மாவும் நெருப்பும் நடந்துகொள்ளும் விதம் எல்லா ஊருக்கும் பொதுவானது.

பேக்கரி என்பது பாண் விற்கும் கடையா, பாண் செய்யும் இடமா?

பாண் செய்யும் இடமே பேக்கரி. முன்பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியும் பணம் வாங்கும் மேசையும் அதன் சிறு பகுதிதான். பின்பக்கத்தில் மா மூட்டைகள் அடுக்கிய அறை, மா குழைக்கும் இடம், உருட்டிய மாவைப் பொங்க வைக்கும் தட்டுகள், விறகுக் குவியல், போறணை ஆகியவை இருக்கும். வேறோரிடத்தில் சுட்ட பாணை வாங்கி வைத்து விற்கும் கடையையும் மக்கள் சிலவேளை பேக்கரி என்று சொல்வதுண்டு. ஆனால் அங்கே இரவில் எவரும் விழித்திருப்பதில்லை. பேக்கரி என்பது முதலில் ஓர் இரவு வேலை என்பதை மனத்தில் கொண்டால் அந்தத் தொழிலின் மற்றைய இயல்புகள் எளிதில் விளங்கும்.

'வெதுப்பகம்' என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அது வேறா?

வேறன்று. வெதுப்புதல் என்றால் சூடாக்குதல். அதிலிருந்து ஆக்கப்பட்ட தமிழ்ச் சொல் வெதுப்பகம். பாணை 'வெதுப்பி' என்று அழைக்கும் முயற்சியும் நடந்தது. பெயர்ப்பலகைகளில் வெதுப்பகம் நிலைபெற்றுவிட்டது. பாணோ பாணாகவே இருந்துவிட்டது. நாள்தோறும் வாயில் புழங்கும் உணவின் பெயரை மாற்றுவது கடினம் என்பதையே இது காட்டுகிறது.

பாண், போறணை என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன?

இரண்டும் போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தவை. அம்மொழியில் ரொட்டியைப் 'பாவ்' என்ற ஒலிப்புக்கு நெருங்கிய, மூக்கொலியில் முடியும் சொல்லால் குறிப்பர். அடுப்பை 'ஃபோர்னு' என்பர். 1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்குப் போய், 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறியது. நாற்பது ஆண்டுக்கும் குறைவான அந்த நேரடி ஆட்சியும் அதற்கு முந்தைய தொடர்புகளும் விட்டுச்சென்ற சொற்களுள் விசுக்கோத்தும் ஒன்று. பணிஸ் என்பது பின்னர் ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் ரொட்டி என்றோ பிரெட் என்றோ சொல்லப்படுவதை நாம் பாண் என்பதால் ஒரு நன்மையும் உண்டு: தட்டி, தோசைக்கல்லில் சுடும் ரொட்டியும் போறணையில் வேகும் பாணும் நம்மிடையே ஒருபோதும் குழம்புவதில்லை.

விறகுப் போறணை எப்படி வேலை செய்கிறது?

போறணை என்பது செங்கல்லால் கட்டிய, தரையும் தணிந்த வளைவான கூரையும் கொண்ட ஓர் அறை. முன்புறத்தில் ஒரு வாயும் அதை மூட ஓர் இரும்புக் கதவும் இருக்கும். வீட்டு அடுப்பில் நெருப்பு கீழேயும் பாத்திரம் மேலேயும் இருக்கின்றன. போறணையிலோ, பாண் வேகப்போகும் அதே அறைக்குள்ளேயே முதலில் விறகு எரிகிறது. இரண்டு மூன்று மணி நேரம் எரிந்தபின் தணலையும் சாம்பலையும் வெளியே இழுத்துவிடுவார்கள். அதாவது, பாண் உள்ளே போகும்போது நெருப்பு அங்கே இல்லை. செங்கல் குடித்துவைத்த சூடு மட்டுமே இருக்கிறது. தரை அடியிலிருந்து சுடுகிறது, கூரை மேலிருந்து வெம்மையை வீசுகிறது, கதவு மூடியதும் மாவிலிருந்து எழும் நீராவி உள்ளேயே நின்று மேற்பரப்பைச் சற்று நேரம் ஈரமாக வைத்திருக்கிறது. அந்த ஈரத்தால்தான் மேல்தோல் உடனே இறுகாமல் பாண் முழு அளவுக்குப் பொங்குகிறது.

இதில் வெப்பமானி எங்கும் இல்லை. நெருப்பு மூட்டியதும் கூரையின் உட்புறம் கரியால் கறுக்கும். சூடு போதிய அளவுக்கு ஏறியதும் அந்தக் கரியே எரிந்துபோய்ச் செங்கல் வெளிறித் தெரியும். அதைப் பார்த்து விறகு இடுவதை நிறுத்துவார்கள். தணலை இழுத்தபின் நீண்ட தடியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைப்பார்கள். சாம்பல் போவதோடு தரையின் மிகுசூடும் தணிகிறது. பிறகு கதவை மூடிச் சிறிது நேரம் விட்டால் சூடு எங்கும் சமப்படும். கடைசியாக ஒரு பிடி மாவைத் தரையில் தூவிப் பார்ப்பதுண்டு: உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும், மெல்லப் பொன்னிறமானால் பாணை ஏற்றலாம். பாணுக்கு ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். எண்ணால் அறியாத அந்த அளவைக் கையும் கண்ணும் ஒவ்வோர் இரவும் சரியாகக் கண்டுகொள்கின்றன. நான் அறிந்த கைத்திறன்களுள் மிகக் குறைவாகப் போற்றப்படுவது இதுதான்.

உள்ளே எங்கும் ஒரே சூடு இருப்பதில்லை. பின்சுவர்ப் பக்கம் சூடு கூடுதல்; கதவு திறந்து மூடப்படும் வாய்ப் பக்கம் குறைவு. நீண்ட மரத்துடுப்பால் பாணை வைப்பவர் அதையும் கணக்கிலெடுத்தே இடம் பார்த்து வைக்கிறார். முதலில் பாண், பின்னர் பணிஸ் வகைகள், சூடு தணிந்தபின் கேக், கடைசியில் மிஞ்சிய வெம்மையில் மெல்ல உலர வேண்டிய ரஸ்க் என்று ஒரே சூட்டைப் படிப்படியாகப் பயன்படுத்துவது வழக்கம். நாள்தோறும் எரியும் போறணை முழுதாக ஆறுவதே இல்லை. சில நாள் மூடி வைத்துவிட்டால் அதை மீண்டும் சூடேற்ற மிகக் கூடுதலான விறகு வேண்டியிருக்கும்.

ஓர் இரவில் என்னென்ன வேலை, எந்த ஒழுங்கில் நடக்கிறது?

காலை ஐந்து மணிக்குப் பாண் கடைக்கு வர வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முன்னிரவில் மாவை அரித்து, உப்பு, சீனி, மதுவம் எனப்படும் ஈஸ்ட், நீர், சிறிதளவு கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் குழைக்கிறார்கள். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 28 முதல் 30 லீற்றர் நீரும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான உப்பும் வேண்டும். முன்பு நீண்ட மரத்தொட்டியில் இருவர் மூவர் நின்று கையால் குழைத்தார்கள். இப்போது பெரும்பாலான இடங்களில் இயந்திரம் வந்துவிட்டது. குழைத்தது போதுமா என்பதை அறிய ஒரு சிறு துண்டை இரு கை விரல்களாலும் விரித்துப் பார்ப்பார்கள். கிழியாமல், பின்னால் வைத்த விரல் மங்கலாகத் தெரியும் அளவுக்கு மென்படலமாக விரிந்தால் கோதுமைப் புரதங்கள் குளூட்டன் என்னும் வலையாகப் பின்னிவிட்டன என்று பொருள். வாயுவைப் பிடித்து வைத்திருக்கப்போவது அந்த வலைதான். அரிசி மாவில் அது உருவாகாது என்பதால்தான் அரிசி மாவில் பாண் செய்ய முடிவதில்லை.

பின்பு மாவை மூடி, இரண்டு மூன்று மணி நேரம் பொங்க விடுவார்கள். இந்த இடைவெளியில் ஒருவர் போறணையை எரிக்கிறார், மற்றவர் அச்சுகளைத் துடைத்து எண்ணெய் தடவுகிறார், முடிந்தவர் மூட்டைமேல் சாய்ந்து கண்ணயர்கிறார். பொங்கிய மாவை அழுத்திக் காற்றை வெளியேற்றி, துண்டுகளாக வெட்டி, தராசில் நிறுத்து, உருட்டி, சிறிது ஓய்வு கொடுத்து, வடிவம் பிடித்து அச்சில் இடுகிறார்கள். அச்சில் மீண்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் பொங்க வேண்டும். விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாகத் திரும்பி எழ வேண்டும். உடனே எழுந்தால் பொங்கியது போதாது. எழாமலே நின்றால் காலம் கடந்துவிட்டது, அந்தப் பாண் போறணையில் அமுங்கிவிடும். வேகுவதற்கு அரை மணி நேரம் அல்லது சற்றுக் கூடுதலாகப் போதும். எட்டு மணி நேர வேலையில் நெருப்பின் பங்கு அவ்வளவே. மற்றதெல்லாம் காத்திருப்பும் கையும்.

யாழ்ப்பாணத்தின் வெயில் காலம் இந்தக் கணக்கைக் குழப்புவது உண்டு. சித்திரை, வைகாசி இரவுகளில் மா மிக விரைவாகப் பொங்கிவிடும் என்பதால் குளிர்ந்த நீரை விட்டு, மதுவத்தைக் குறைப்பார்கள். மார்கழி, தை மாதங்களில் அதே மா தூங்குவதுபோல் இருக்கும். அப்போது வேலையைச் சற்று முன்னதாகத் தொடங்க வேண்டும்.

மாவைப் புளிக்க வைப்பது எதற்காக? முன்பு கள்ளு விட்டார்கள் என்பது உண்மையா?

மதுவம் என்பது கண்ணுக்குத் தெரியாத உயிர். அது மாவிலுள்ள வெல்லங்களை உண்டு, காபனீரொட்சைட்டு வாயுவையும் சிறிது மதுசாரத்தையும் வெளிவிடுகிறது. வாயு மாவைப் பொங்கச் செய்கிறது. மதுசாரம் வேகும்போது ஆவியாகிவிடுகிறது. நொதித்தலை உயிருள்ள மதுவமே நடத்துகிறது என்பதை 1850களின் பிற்பகுதியில் லூயி பாஸ்டர் ஆய்வுகளால் நிறுவினார். ஆனால் அதற்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே மக்கள் அந்த உயிரை அறியாமலே வேலைக்கு வைத்திருந்தார்கள்.

கள்ளில் மதுவம் இயற்கையாகவே உண்டு. நம் வீடுகளில் அப்பத்துக்கு மா கரைக்கும்போது கள்ளு விட்டது இதற்காகத்தான். கோவாவின் பழைய பாண் சுடுவோரும் தென்னங்கள்ளையே பயன்படுத்தினார்கள். இன்று பேக்கரிகளில் உலர்ந்த மதுவமே புழங்குகிறது. அதன் வேகம் நாளுக்கு நாள் மாறுவதில்லை என்பதால் அது வசதியானது. எனினும் வேகத்துக்காக மதுவத்தை அள்ளிப் போட்டு ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பாணுக்கு, மெல்லப் புளித்த பாணின் மணம் வருவதில்லை. பழையவர்கள் 'அந்தக் காலத்துப் பாண்' என்று ஏங்குவதில் பாதி, அந்தக் காலத்து மாவுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தைப் பற்றிய ஏக்கம் என்றே எண்ணுகிறேன்.

'ஒரு இறாத்தல் பாண்' என்றால் எவ்வளவு நிறை?

இறாத்தல் என்பது பழைய நிறுத்தல் அளவு. ஏறக்குறைய 454 கிராம். இலங்கையில் மெட்ரிக் அளவு வந்து பல காலமாகியும் பாணுக்கு மட்டும் அந்தச் சொல் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது முழுப் பாண் ஒன்றின் நியம நிறை 450 கிராம், அரைப் பாணின் நிறை 225 கிராம். 2024இல் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் அறிவித்தலின்படி முழுப் பாணில் 13.5 கிராமும் அரைப் பாணில் 9 கிராமும் மட்டுமே குறையலாம் என்று வரையறுக்கப்பட்டது.

இதில் வாங்குபவர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. வேகும்போது நீர் ஆவியாகிப் பாணின் நிறை பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைந்துவிடும். ஆகவே 450 கிராம் பாண் வேண்டுமென்றால் பச்சை மாவை 510 கிராம் அளவில் நிறுக்க வேண்டும். அந்தக் கணக்கில் 50 கிலோ மூட்டையிலிருந்து ஏறக்குறைய 155 பாண் கிடைக்கும். ஒவ்வொரு துண்டிலும் 30 கிராமைக் குறைத்தால் அதே மூட்டையில் மேலும் ஒன்பது, பத்துப் பாண் கிடைத்துவிடும். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது, ஏனெனில் கூடுதலாகப் பொங்க விட்ட பாண் நிறை குறைந்தாலும் பெரிதாகத் தோன்றும். நாட்கூலிக் குடும்பம் ஒன்றின் காலை உணவு ஒரு பாணாக இருக்கும்போது இது சிறிய விடயமன்று. கையிலெடுத்துப் பார்ப்பதற்கும் நிறுத்துக் காட்டும்படி கேட்பதற்கும் எவரும் கூச்சப்படத் தேவையில்லை.

மா எங்கிருந்து வருகிறது?

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. முழுவதும் கப்பலில் வருகிறது. பெரும்பகுதி திருகோணமலையில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று நடத்தும் பெரிய ஆலையிலும் மீதி கொழும்பிலும் அரைக்கப்படுகிறது. இதனால் உலகச் சந்தையிலோ டொலர் விலையிலோ ஏற்படும் மாற்றம் சில வாரங்களில் நம் ஒழுங்கைக் கடைக்கு வந்துவிடும். 1970களின் முற்பகுதியில் பாணுக்கு விடியுமுன் வரிசையில் நின்றதைச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2022இல் எரிவாயுவும் டீசலும் கிடைக்காமல் நாடெங்கும் பல பேக்கரிகள் மூடப்பட்டன.

எரிவாயு, மின் போறணைகள் வந்தபின் விறகுப் போறணை தேவையா?

எரிவாயு, டீசல், மின்சாரம் ஆகியவற்றால் இயங்கும் போறணைகள் தூய்மையானவை, வெப்பத்தை எண்ணால் குறித்து வைக்கலாம், புகை இல்லை, இடமும் சிறிது போதும். வேலை செய்பவரின் நுரையீரலை எண்ணினால் அவையே மேல் என்று தயங்காமல் சொல்வேன். விறகுப் போறணையின் பாணுக்குத் தடித்த, மொறுமொறுப்பான தோல் கிடைப்பது உண்மை. அதற்குக் காரணம் புகையன்று, செங்கல் ஒரே சீராக வீசும் வெம்மை. 1990இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, எரிபொருளுக்கும் தடை இருந்தது. கைக் குழைப்பும் விறகும் கொண்டு பாண் சுட அப்போது இந்தப் போறணைகளே கைகொடுத்தன. அந்த நினைவு பலருக்கு அவற்றின்மீது பற்றை ஏற்படுத்தியிருக்கிறது. ஆனாலும் புகைபோக்கியைத் திருத்தாமல், விறகு வாங்கும் செலவைப் பற்றி மட்டும் எண்ணிப் போறணையை வைத்திருப்பது அதற்குச் செய்யும் மரியாதையாகாது.

அச்சுப் பாண், றோஸ் பாண், பணிஸ் ஆகியவற்றின் வேறுபாடு என்ன?

அச்சுப் பாண் தகர அச்சினுள் வேகுவது. பக்கங்கள் நேராகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும். றோஸ் பாண் தட்டையாகச் சுடப்படுவது. உள்ளே சதை குறைவு, மேலும் கீழும் மொறுமொறுப்பான தோல் கூடுதல். சம்பலோடும் பருப்புக் கறியோடும் சுடச்சுட உண்ண அதுவே பொருத்தமானது என்பது என் எண்ணம். பணிஸ் மாவில் சீனியும் கொழுப்பும் கூடும். மீன் பணிஸ், சீனிச் சம்பல் பணிஸ் எல்லாம் அந்த மாவின் பிள்ளைகள். நீண்டு கூர்ந்து மேலே சீனி தூவியிருக்கும் கிம்புலா பணிஸுக்குப் பெயர் சிங்களத்திலிருந்து வந்தது. கிம்புலா என்றால் முதலை.

தெருவில் இசையோடு வரும் பாண் வண்டி பற்றி?

முச்சக்கர வண்டியின் பின்புறத்தில் கண்ணாடிப் பெட்டி பொருத்தி, ஒலிபெருக்கியில் இசை ஒலிக்க, காலையும் மாலையும் ஒழுங்கை ஒழுங்கையாக வருவது அது. தெற்கில் இதைச் 'சூன் பாண்' என்பார்கள். ஒலிப்பது பெரும்பாலும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பீத்தோவனின் 'ஃபர் எலிஸ்'. இசை கேட்டதும் பிள்ளைகள் படலைக்கு ஓடுவார்கள். கடைக்கு நடக்க முடியாத முதியவர்களுக்கு இந்த வண்டி பெரும் உதவி. பெட்டி மூடியிருக்கிறதா, இடுக்கியால் எடுக்கிறார்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பேக்கரி வேலையில் உடலுக்கு என்ன தீங்கு? வேலை பழக விரும்புபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

சூட்டுக்காயம் எல்லோரும் அறிந்தது. அறியாதது மாத்தூசி. ஆண்டுக்கணக்கில் மாவை மூச்சோடு இழுப்பவர்களுக்கு ஒவ்வாமையால் ஒருவகை ஆஸ்துமா வருகிறது. மருத்துவத்தில் அது பேக்கரித் தொழிலாளர் ஆஸ்துமா என்றே பெயர் பெற்றுவிட்டது. மூட்டையைக் கொட்டும்போது உயரத்திலிருந்து கொட்டாமல் இருப்பதும், உலர்ந்த தரையைக் கூட்டாமல் ஈரத் துணியால் துடைப்பதும், முகக்கவசம் அணிவதும் பெரும் செலவில்லாத பாதுகாப்புகள். குழைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதற்குள் கை வைக்கவே கூடாது.

இரவு விழிப்பு இவற்றிலும் கடினமானது. ஊர் எழும்பும் நேரத்தில் இவர்கள் படுக்கிறார்கள். பிள்ளைகளின் பாடசாலை நிகழ்வு, உறவினர் வீட்டுச் சடங்கு எல்லாம் தூக்கத்தைத் தின்றே நடக்கும். பல பேக்கரிகளில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளிகள் சொல்வது உண்மைதான். அந்த இரவுக்குரிய கூலியும் கிழமையில் ஒரு முழு ஓய்வும் கொடுத்தால் ஆள் கிடைப்பது எளிதாகும் என்பதும் அதே அளவு உண்மை. பழக வருபவர் முதலில் கேட்க வேண்டியது சம்பளத்தையும் ஓய்வு நாளையும்தான்.

வாங்கும்போது பேக்கரி துப்புரவானதா என்று எப்படி அறிவது?

உணவு தொடர்பான இடங்களைப் பார்வையிடும் பொறுப்பு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடமும் இருக்கிறது. முறைப்பாடு இருந்தால் அவர்களிடம் சொல்லலாம். வாடிக்கையாளர் தாமே பார்க்கக் கூடியவையும் உண்டு: பணம் வாங்கும் கை பாணைத் தொடுகிறதா, சுற்றித் தருவது அச்சுமை படிந்த பழைய செய்தித்தாளா, கண்ணாடிப் பெட்டியில் ஈ மொய்க்கிறதா. பாணின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் கரியோ சாம்பலோ ஒட்டியிருப்பது தெரியும்.

பாண் அடுத்த நாள் ஏன் இறுகுகிறது? குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா?

வேகும்போது நீரைக் குடித்து இளகிய மாப்பொருள், ஆறியபின் மெல்ல மெல்லத் தன் பழைய ஒழுங்குக்குத் திரும்பி இறுகுகிறது. ஈரம் முழுதும் உள்ளேயே இருந்தாலும் இது நடக்கும். குளிர்சாதனப் பெட்டியின் குளிரில் இந்த மாற்றம் விரைவுபடுகிறது என்பதால், அங்கே வைத்த பாண் வெளியே வைத்ததைவிட முன்னதாகக் கட்டியாகிவிடும். ஓரிரு நாளுக்குத் துணியில் சுற்றி வெளியே வைப்பதே நல்லது. நீண்ட நாள் வேண்டுமென்றால் உறைபெட்டியில் வைக்கலாம். இறுகிய பாணைச் சூடாக்கினால் மாப்பொருள் மீண்டும் இளகும் என்பதால் சிறிது நேரம் மென்மை திரும்பும். பச்சை, கறுப்பு நிறப் பூஞ்சணம் தென்பட்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு உண்பது தவறு. அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். வெயில் காலத்தில், வெட்டும்போது நூல் நூலாக இழுபட்டு, அழுகிய பழ மணம் வீசினால் அது மாவில் வந்த பற்றீரியாவின் வேலை. அதையும் எறிந்துவிட வேண்டும்.

போறணையிலிருந்து வந்த பாணை உடனே வெட்டலாமா?

றோஸ் பாணைப் பிய்த்து உண்ணலாம். அச்சுப் பாண் ஒரு மணி நேரமாவது ஆற வேண்டும். வெளியே வந்த பின்பும் உள்ளே நீராவி இருக்கிறது, மாப்பொருளும் இன்னும் நிலைகொள்ளவில்லை. அப்போது கத்தியை வைத்தால் சதை பசைபோல ஒட்டி அமுங்கும். சூடாகவே பிளாஸ்ரிக் பையில் இட்டுக் கட்டினால் நீராவி தோலில் படிந்து அதன் மொறுமொறுப்பைக் கெடுப்பதோடு பூஞ்சணத்துக்கும் இடம் கொடுக்கும். விடியற்காலையில் வாங்கினால் தாளில் சுற்றித் தரச் சொல்லி, வீட்டில் அதைத் திறந்து, அடிப்பக்கம் காற்றுப்படும்படி சுளகில் வைத்துவிட்டுத் தேநீருக்குத் தண்ணீர் வைக்கலாம்.